மேம்பாலத்தில் இறங்கி நடந்தவர்

ஷஹாத்தா சிகரெட்டைத் தொட்டதே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு நேர்ந்ததைக் கேள்விப்பட்ட எல்லோரும் முதலில் கேட்டது அதைத்தான். சிகரெட் இல்லை, ஷீஷா என்கிற ஹூக்காவும் இல்லை. காபிக்கடையில் உட்காரும்போதுகூட ஷீஷா குடிக்கிறவர்களுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

நான் பயூமி. கெய்ரோவில், ரயில் பாதைக்கு மேலே போகும் மேம்பாலத்தின் கிழக்கு அடிவாரத்தில் இருபது வருடமாக ஃபூல், அதாவது வேகவைத்து மசித்த பயறு, விற்கும் வண்டி வைத்திருக்கிறேன். பயறு என் குடத்தில் வேகும். ரொட்டி பாலத்துக்கு அந்தப் பக்கம், ஷுப்ராவில் ஹாஜ் ரிஃபாயீயின் பேக்கரியில் வேகும். இரண்டையும் சேர்த்துவைப்பது ஷஹாத்தாவின் வேலை. பேரீச்ச மட்டையால் கட்டிய ஆளுயரத் தட்டியில் இருநூறு ரொட்டியை அடுக்கித் தலையில் ஏற்றிக்கொண்டு, ஒரு கை தட்டியிலும் மறு கை ஹேண்டில்பாரிலுமாக சைக்கிளில் வருவார். தினமும் நாலு நடை. முதல் நடை ஏழு மணிக்கு என் வண்டிக்கு.

சைக்கிளில் ரொட்டி கொண்டுபோகிற ஆள் ஷுப்ராவில் நிறையப் பேர் உண்டு. மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஒருமுறைகூடக் கால் ஊன்றாமல் ஏறுகிறவர் ஷஹாத்தா ஒருவர்தான். மற்றவர்கள் பாதியில் இறங்கித் தள்ளுவார்கள், இல்லை என்றால் முன்னால் போகிற டிரக்கைப் பிடித்துக்கொள்வார்கள். இவர் சீட்டிலிருந்து எழுந்து நின்று, இரண்டு பஸ்ஸுக்கு நடுவில், வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு மிதித்து ஏறிவிடுவார். புதிதாக வருகிறவனிடம் ஒரு கிளாஸ் டீ பந்தயம் கட்டி நான் எத்தனையோ தடவை ஜெயித்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடம் அப்படி ஏறினார். அதில் அவருக்கு இருந்த பெருமை, பிள்ளை படித்துப் பட்டம் வாங்கினால் இருக்குமே, அந்த மாதிரிப் பெருமை.

நாற்பத்து நாலு வயதில் இருமல் வந்தது. முதலில் வறட்டு இருமல். என் வண்டிக்கு வந்து தட்டியை இறக்கியதும் அந்தப் பக்கம் திரும்பி இருமிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவார். "என்னய்யா?" என்றால், "மாவுத் தூசி" என்பார். பேக்கரியில் அவர் நிற்பது பத்து நிமிஷம். மாவு பிசைகிறவன் நாள் முழுக்க நிற்கிறான், அவனுக்கு இருமல் இல்லை. எனக்கும் அது தோன்றியது. ஆனால் கேட்கவில்லை.

அக்டோபர் வந்தது. நைல் டெல்டாவில் நெல் அறுவடை முடிந்து வைக்கோலைக் கொளுத்தும் காலம். புகை தெற்கே இறங்கி வந்து எங்கள் தலைமேல் படுத்துக்கொள்ளும். காலையில் துணி காயப்போட்டால் மத்தியானம் திரும்பத் துவைக்க வேண்டும். அப்படி ஒரு திங்கட்கிழமை, ஏற்றம் முடிகிற உச்சியில் ஷஹாத்தாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நான் கீழேயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் ஒரு பக்கம் சாய்ந்தார். இருநூறு ரொட்டியும் ரோட்டில் கொட்டின.

பின்னால் வந்த பஸ் கிறீச்சென்று நின்றது. டிரைவர் திட்டிக்கொண்டே குதித்து இறங்கினான். ஷஹாத்தாவின் முகத்தைப் பார்த்ததும் திட்டு நின்றுவிட்டது. உதடு நீலமாக இருந்தது. சட்டைப் பொத்தானை அவரே பிய்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸிலிருந்து ஜனங்கள் இறங்கி ரொட்டிகளைப் பொறுக்கினார்கள். கீழே விழுந்த ரொட்டிக்கு எங்கள் ஊரில் செய்கிற மரியாதைப்படி ஒவ்வொன்றையும் முத்தமிட்டுக் கைப்பிடிச் சுவர்மேல் வரிசையாக வைத்தார்கள். நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவரைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "எத்தன மிஞ்சுச்சு?"

மறுநாள் அவர் மனைவி இன்ஸாஃப் அவரை நெஞ்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டுபோனாள். கூட்டிக்கொண்டு என்பது மரியாதைக்குச் சொல்வது. தெரு முழுக்கக் கேட்டது.

"எனக்கு ஒண்ணும் இல்லடி. தூக்கம் பத்தல, அவ்வளவுதான்."

"மூணு மாசமா நீ இருமற இருமல்ல நான்தான் தூங்கல. எந்திரி. நம்ம பொண்ணு ஹனானுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. அப்பன் எங்கேன்னு சம்பந்தி வீட்டுல கேட்டா நான் போட்டோவையா காட்டுவேன்?"

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். மூச்சுக்குழாய்கள் சுருங்கியிருக்கின்றன, இத்தனை வருடப் புகை என்றார். ஒரு இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார். சைக்கிளை விட்டுவிடு, உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார் என்றார். அறைக்கு வெளியே இன்னும் இருபது பேர் நின்றார்கள். அவ்வளவுதான் நேரம்.

ஷஹாத்தா மூச்சு ஊதிப் பார்க்கும் அறைக்கு அனுப்பப்பட்டபோது கொதித்துக்கொண்டிருந்தாராம். இதெல்லாம் பின்னால் அவரே சொன்னது. அங்கே டிமியானா என்று ஒரு பெண். முப்பது வயது இருக்கும், கையில் சின்னதாகச் சிலுவை பச்சை குத்தியிருக்கும். குழாயை வாயில் கொடுத்து ஊதச் சொன்னாள். ஊதினார். அவர் உடம்புக்கு நூறு வரவேண்டிய இடத்தில் அறுபத்தொன்று வந்தது.

"உஸ்தா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"நேத்து வரைக்கும் ரொட்டி. நாளையிலேர்ந்து வாட்ச்மேன்னு உங்க டாக்டர் சொல்லிட்டாரு. நாற்காலி ஒண்ணு வாங்கணும்."

அவள் சிரிக்கவில்லை. "ரொட்டின்னா? சைக்கிள்லயா? எந்த வழியா?"

இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அவரிடம் எந்த வழியாக என்று கேட்டதில்லை. அவர் சொன்னார். மெயின் ரோடு, சிக்னல், மேம்பாலம், இறக்கம். எந்த இடத்தில் மூச்சு அதிகம் வாங்கும் என்று கேட்டாள். அவர் பாலத்தைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். கால் ஊன்றாமல் ஏறுகிற ஒரே ஆள் என்றார்.

"அந்த நேரத்துல உங்களுக்கு முன்னாடி என்ன இருக்கும்?"

"பஸ்ஸு."

"அதோட குழாய்?"

"என் மூஞ்சிக்கு நேரா."

டிமியானா அவரை வராந்தாவில் உட்காரவைத்து ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணச் சொன்னாள். பதினேழு. பிறகு மூன்று மாடி ஏறி இறங்கி வரச் சொன்னாள். வந்ததும் எண்ணச் சொன்னாள். முப்பத்தெட்டுக்கு மேல் எண்ண முடியவில்லை அவருக்கு.

"இப்போ வாய் திறந்திருக்கு பாத்தீங்களா? மூக்கு தூசியக் கொஞ்சமாவது பிடிச்சு நிறுத்தும். வாய் நிறுத்தாது. ஒவ்வொரு மூச்சும் ஆழமாவும் போகுது. சும்மா உக்காந்திருக்கற ஆளு நிமிஷத்துக்கு ஆறு, ஏழு லிட்டர் காத்து இழுப்பான். அந்த ஏத்தத்துல நீங்க அறுபது இழுப்பீங்க. பஸ் டிரைவரும் அதே புகையிலதான் இருக்கான். ஆனா அவன் ஒரு பங்கு குடிச்சா நீங்க எட்டு, ஒம்பது பங்கு குடிக்கிறீங்க."

ஷஹாத்தா எதில் கெட்டிக்காரரோ அதுவே அவர் நெஞ்சைத் தின்றிருக்கிறது என்று ஒருத்தி கணக்காகச் சொல்லிவிட்டாள். "அப்போ டாக்டர் சொன்னதுதான் சரியா? விட்டுடணுமா?" என்றார்.

"அவர் சொன்னது தப்பில்ல. ஆனா உங்க காலப் பாருங்க, இதயத்தக் கேளுங்க. ரெண்டும் முப்பது வயசுக்காரனுக்கு இருக்கற மாதிரி இருக்கு. அது சைக்கிள் குடுத்தது. அதையும் தூக்கிப் போட்டுட்டு நாற்காலில உக்காந்தீங்கன்னா இன்னொரு வியாதி வரும். நான் டாக்டர்கிட்டப் பேசறேன். ஆறு வாரம் மருந்த ஒழுங்கா எடுங்க. மூச்சு வாங்கறத மட்டும் புகை இல்லாத இடத்துல வச்சுக்குங்க. புகை இருக்கற இடத்துல மெதுவாப் போங்க. முடியலன்னா இறங்கி நடங்க."

"இறங்கியா? பாலத்துலயா?"

"பாலத்துலதான்."

"டாக்டரம்மா, என்னை அந்தப் பாலத்துல எல்லாருக்கும் தெரியும்."

"நான் டாக்டர் இல்ல உஸ்தா. ஊதச் சொல்றவ." எவ்வளவு வேகம் சரி என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தாள். மிதிக்கும்போது ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் சரி. வாக்கியம் நடுவில் உடைந்தால் உடனே இறங்கிவிட வேண்டும். டாக்டரும் கடைசியில் ஆறு வாரத்துக்குத் தலையாட்டினாராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

ஒரு வாரம் கழித்து ஷஹாத்தா வேலைக்கு வந்தார். முதல் நாள் அவர் சைக்கிளிலிருந்து இறங்கிப் பாலத்தைத் தாண்டி வந்ததை நான் பார்த்தேன். தலையில் தட்டி, கையில் சைக்கிள், கண் தரையில். தப்பு செய்து மாட்டிக்கொண்டவன் ஊர் நடுவில் நடப்பானே, அப்படி நடந்தார். இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. வாடிக்கையாளர்கள் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் சத்தமாகச் சொன்னேன்: "வாங்க வாங்க! இத்தன நாளு நீங்க ரொட்டியத் தூக்கிட்டு வந்தீங்க, இன்னிக்கு ரொட்டி உங்களக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வருதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தட்டியை இறக்கியவர் ரொட்டியை எண்ணிக்கூடப் பார்க்காமல் திரும்பிப் போனார். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தும்.

அதைவிடக் கேவலமான ஒன்றையும் நான் செய்தேன். ஷஹாத்தா பன்னிரண்டு நிமிஷம் தாமதமாக வர ஆரம்பித்தார். ஆபீஸுக்குப் போகிறவன் பன்னிரண்டு நிமிஷம் நிற்பானா? அதே பேக்கரியில் ஹமாதா என்று இருபத்தாறு வயதுக்காரன் ஒருத்தன் இருந்தான். இரண்டு நாள் அவனிடம் ரொட்டி வாங்கினேன். மூன்றாம் நாள் ஷஹாத்தா என் வண்டியைத் தாண்டி நேராகப் போனார். "அஸ்ஸலாமு அலைக்கும் பயூமி" என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மறுநாளே பேக்கரிக்கு ஆள் அனுப்பி, எனக்கு ஷஹாத்தாவே வரட்டும், எத்தனை மணிக்கு வந்தாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

அதற்குள் தெருவில் இன்னொரு செய்தி பரவியிருந்தது. ஷஹாத்தாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, ரொட்டியோடு பேசிக்கொண்டே போகிறார் என்று. காபிக்கடையில் ஒருத்தன் சத்தியம் செய்தான்: "என்னைத் தாண்டிப் போறாரு, நடு ரோட்டுல, 'இன்ஸாஃப், இன்னிக்கு ராத்திரி முயல் அடிச்சு முலுகியாக் கீரைக் கொழம்பு வைய்யி, பூண்டு நெறையப் போடு'ன்னு பேசிட்டே போறாரு. பக்கத்துல யாரும் இல்ல!"

உண்மைதான். அதுதான் அவர் தேர்ந்தெடுத்த வாக்கியம். முயலுக்கும் பூண்டுக்கும் நடுவில் மூச்சு உடைந்தால் இறங்கிவிடுவார். பூண்டு வரை போய்விட்டால் மிதிப்பார். இன்ஸாஃபுக்கு இது தெரிய வந்தபோது, "வாரத்துல ஒரு நாளாவது 'நீ போய் ரெஸ்ட் எடு, நான் சமைக்கறேன்'னு சொல்லி மிதிக்கக் கூடாதா?" என்று கேட்டாளாம். "அது ரொம்பக் கஷ்டமான வாக்கியம், மூச்சு முட்டும்" என்றாராம் இவர்.

வழியையும் மாற்றினார். மெயின் ரோட்டை விட்டு, இரண்டு தெரு தள்ளி, மெத்தை தைக்கிறவர்களும் தச்சர்களும் இருக்கிற சந்துகள் வழியாக வந்தார். தூரம் கொஞ்சம் அதிகம், மேடு பள்ளமும் அதிகம். ஆனால் அங்கே பஸ் வராது. பாலத்துக்கு மட்டும் வேறு வழி கிடையாது.

அந்தப் பாலத்தில் அவரே ஒன்றைக் கண்டுபிடித்தார். தலையில் தட்டி வைத்து ஓட்டுகிறவனுக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது உயிர்ப் பிரச்சினை. காற்று மாறினால் தட்டி சாயும். அதனால் அவருக்குக் காற்று மனப்பாடம். ஒரு நாள் சட்டையைக் கழற்றியபோது இடது தோள் கறுப்பாகவும் வலது தோள் ஓரளவு வெள்ளையாகவும் இருப்பதை இன்ஸாஃப் காட்டினாள். அவர் யோசித்தார். எங்கள் ஊரில் பெரும்பாலும் வடக்கிலிருந்துதான் காற்று. பாலத்தின் தெற்குப் பக்க நடைபாதையில் போனால் எல்லாப் பஸ்ஸின் புகையும் அவர்மேல் வரும். வடக்குப் பக்கத்தில் போனால் புகை அவரை விட்டு அந்தப் பக்கம் போய்விடும். இருபத்திரண்டு வருடமாகத் தட்டிக்காகப் பார்த்த காற்றைத் தனக்காகப் பார்த்ததே இல்லை. அடுத்த நாளிலிருந்து ரோட்டைக் கடந்து வடக்கு நடைபாதையில் தள்ளிக்கொண்டு வந்தார். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது இதைச் சொன்னார். டிமியானா பேனா எடுத்து எழுதிக்கொண்டாள். "இது எனக்குத் தோணல உஸ்தா. மத்தவங்களுக்கும் சொல்றேன்" என்றாள். என்னிடம் இதைச் சொல்லும்போது ஷஹாத்தாவின் முகத்தில் பழைய பெருமையைப் பார்த்தேன், வெகு நாளைக்குப் பிறகு.

விடியற்காலை நாலரைக்கே கிளம்பினால் பஸ் இருக்காதே என்று அவர் கேட்டதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லையாம். வைக்கோல் புகைக் காலத்தில் அதிகாலையில்தான் புகை தரையோடு ஒட்டிக் கிடக்கும், வெயில் ஏறி, காற்று அசைந்தால்தான் மேலே கிளம்பும் என்றாளாம். அதனால் மொட்டை மாடியிலிருந்து பார்ப்பார். நாலு தெரு தள்ளியிருக்கும் மசூதியின் மினாரா தெளிவாகத் தெரிந்தால் வழக்கம்போல. மங்கலாகத் தெரிந்தால் முழு தூரமும் நடை வேகம். தெரியவே இல்லை என்றால் அன்றைக்கு பேக்கரிக்குள் ரொட்டி எண்ணும் வேலை. ஹாஜ் ரிஃபாயீ முதலில் முறைத்தார். "உன் நெஞ்சப் பாத்து நான் அடுப்பு மூட்டணுமாடா?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, முதல் ஈடு ரொட்டியைக் கால் மணி முன்னதாக எடுக்கச் சொன்னார். என் பன்னிரண்டு நிமிஷம் திரும்பிவந்தது.

நவம்பர் முதல் வாரத்தில் புகை மறுபடி இறங்கியது. ஹமாதா என் பெஞ்சு அருகே நின்று, பாலத்தை நின்று மிதித்தே ஏறுவேன் என்று பந்தயம் கட்டினான். "இப்போ அந்த இடம் காலியாத்தானே இருக்கு" என்றான். அடுத்த நடையில் ஏறினான். உண்மையாகவே கால் ஊன்றாமல் ஏறி இறங்கினான். ரொட்டி ஒன்றுகூட விழவில்லை. அடுத்த வண்டிக்காரனுக்குத் தட்டியை இறக்கிவிட்டு என் பெஞ்சில் உட்கார்ந்தான். டீயை நீட்டினேன். வாங்கவில்லை. கையைத் தூக்கி, பொறு என்பதுபோலக் காட்டினான். நெஞ்சு ஏறி இறங்கியது. கண்ணில் தண்ணீர். ஐந்து நிமிஷம் அவனால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

அப்போது ஷஹாத்தா வடக்கு நடைபாதையில் நடந்து வந்து சேர்ந்தார். தட்டியை இறக்கினார். அவனை ஒரு பார்வை பார்த்தார். எங்கள் எல்லோருக்கும், அவரைக் கேலி செய்த எல்லோருக்கும், திருப்பிக் கொடுக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் அவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார். "மூக்கால இழு. அவசரமில்ல. பயூமி, டீ ஆறட்டும், தண்ணி குடு" என்றார்.

மறுநாள் ஹமாதாவின் சைக்கிளில் சங்கிலி கழன்றுவிட்டது. பாலத்தின் அடியில், ஏற்றம் தொடங்குகிற இடத்தில். தள்ளிக்கொண்டு வந்தான். அதற்கு மறுநாளும் அதே இடத்தில் கழன்றது. நாலாம் நாள் நான், "ஏம்ப்பா, அந்தச் சங்கிலிக்கும் நெஞ்சு வலியா?" என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தான், பிறகு சிரித்துவிட்டான். ஆனால் அன்றைக்கு வடக்கு நடைபாதையில்தான் வந்தான்.

ஆறு வாரம் முடிந்து ஷஹாத்தா ஊதினார். எழுபது. டிமியானா ஒருமுறைக்கு மூன்றுமுறை ஊதச் சொல்லிப் பார்த்தாள். டாக்டர் காகிதத்தை வாங்கிப் பார்த்து, "சைக்கிள விட்டுட்டியா?" என்றார்.

"இல்லைங்க. நின்னு மிதிக்கறத விட்டுட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். மருந்தை நிறுத்தாதே, வசந்தத்தில் மணல் காற்று அடிக்கும்போது வெளியே வராதே, மூன்று மாதம் கழித்து வா என்றார். வேலையை விடு என்று மறுபடி சொல்லவில்லை. எது எவ்வளவு உதவியது, இன்ஹேலரா, சந்தா, நடையா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்று டிமியானா அவரிடம் நேர்மையாகச் சொன்னாள். பழைய நூறு இனிமேல் வராமலே போகலாம் என்பதையும் சொன்னாள். ஷஹாத்தா அன்று சாயங்காலம் காபிக்கடையில் எல்லோருக்கும் டீ சொன்னார், நூறு வந்துவிட்டதுபோல.

ஏப்ரலில் ஹனானுக்குக் கல்யாணம் நடந்தது. தெருவையே அடைத்துப் பந்தல். மத்தளக்காரர்கள் வந்ததும் பெண்ணின் தகப்பன் ஆடியாக வேண்டும் என்று பிடித்து இழுத்தார்கள். அன்றைக்குக் காலையில் மழை பெய்து, வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஷஹாத்தா கைத்தடியைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு முதலில் மெதுவாக ஆடினார், பிறகு வேகமாக, பிறகு ரொம்ப வேகமாக. இன்ஸாஃப் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்று கத்தினாள்: "போதும், மூச்சு வாங்குது பாரு!"

அவர் ஆட்டத்தை நிறுத்தாமலே திரும்பி, "வாங்கட்டும் இன்ஸாஃப், இன்னிக்குக் காத்து நல்லா இருக்கு, பஸ்ஸும் இல்ல, நீ வேணும்னா மாப்பிள்ளையோட அம்மாவையும் கூட்டிட்டு வந்து ஆடு!" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மத்தளக்காரன் தாளத்தை இன்னும் ஒரு படி ஏற்றினான்.